மழை விட்டும் தூவானம் விடவில்லை: ஆய்வகக் கருவிகளும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும்

சார்ஸ் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து 2003ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி சிங்கப்பூரை உலகச் சுகாதார நிறுவனம் நீக்கியது. 238 பேரைத் தொற்றி, 33 உயிர்களைப் பறித்த நோய் ஒருவழியாக ஓய்ந்துவிட்டது என்று நாடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் தொடக்கத்தில், 27 வயது முதுநிலை மாணவர் ஒருவருக்கு சார்ஸ் இருப்பது உறுதியானது. அவர் சார்ஸ் நோயாளி எவரையும் சந்திக்கவில்லை. சார்ஸ் பரவிய நாட்டுக்கும் போய்வரவில்லை. அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது சார்ஸ் கிருமியைக்கூட அல்ல. கொசுக்களால் பரவும் வெஸ்ட் நைல் கிருமியை. அவர் செய்ததெல்லாம், காய்ச்சல் வருவதற்குச் சில நாள்களுக்கு முன் ஓர் ஆய்வகத்துக்குச் சென்று வேலை பார்த்ததுதான்.

‘மழை விட்டும் தூவானம் விடவில்லை’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்த மாணவருக்கு நேர்ந்ததைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வரி எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சம்பவத்துக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இதற்கிடையில் கொவிட்-19 வந்துபோனது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கிருமிகளைக் கையாளத் தெரிந்தவர்களின் தேவை கூடியிருக்கிறது. உயிர்மருத்துவ அறிவியல், ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற படிப்புகளில் நம் பிள்ளைகள் பலர் சேர்கிறார்கள். ஆனால், அவர்கள் தினமும் தொட்டுப் பழகும் சாதாரணக் கருவிகள் எப்படிக் கிருமியைக் காற்றில் கலந்துவிடும் என்பதைப் பற்றி வீட்டில் நாம் பேசுவதில்லை. பேச வேண்டிய நேரம் இது.

அன்று என்ன நடந்தது?

மாணவர் வேலை பார்த்தது தேசிய சுற்றுப்புற வாரியத்தின்கீழ் இயங்கிய சுற்றுப்புறச் சுகாதாரக் கழகத்தின் ஆய்வகம். சார்ஸ் கிருமியும் அங்கு ஆராயப்பட்டு வந்தது. அனைத்துலக வல்லுநர்கள் இடம்பெற்ற மறுஆய்வுக் குழு விசாரித்தபோது இரண்டு காரணங்கள் வெளிவந்தன. ஆய்வக நடைமுறைகள் தேவையான தரத்தில் இல்லை. மாணவர் பயன்படுத்திய வெஸ்ட் நைல் கிருமி மாதிரியில் சார்ஸ் கிருமி கலந்திருந்தது.

குப்பியின் மேல் எழுதியிருந்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. மாணவர் குணமடைந்தார். அவரிடமிருந்து வேறு எவருக்கும் நோய் தொற்றவில்லை. அது நல்வினை.

அதே ஆண்டு டிசம்பரில் தைவானில் இன்னொரு சம்பவம் நடந்தது. அதற்கும் சிங்கப்பூருக்கும் தொடர்பு உண்டு. தைப்பேயில் இருந்த ராணுவ மருத்துவ ஆய்வகத்தின் 44 வயது ஆய்வாளர் ஒருவர், மூடிய பாதுகாப்புப் பெட்டகத்துடன் இணைந்த அறையில் கழிவுத் திரவம் கசிந்திருப்பதைக் கண்டார். கிருமிநாசினி தெளித்தார்; சிறிது நேரம் காத்திருந்தார்; பிறகு அறையைத் திறந்து தாமே துடைத்தார். அடுத்த சில நாள்களில் ஒரு மாநாட்டுக்காக சிங்கப்பூர் வந்தார். நாடு திரும்பியபோது அவருக்குக் காய்ச்சல். ஆயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லாமல் பல நாள்கள் வீட்டிலேயே இருந்தார். தம்மால் ஆய்வகத்துக்கு அவப்பெயர் வந்துவிடுமோ என்று அவர் அஞ்சியதாக அப்போது செய்திகள் வெளிவந்தன. சிங்கப்பூரில் அவருடன் தொடர்பில் இருந்தவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள்.

2004ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நடந்தது இன்னும் வேதனையானது. அங்கிருந்த தேசிய ஆய்வகத்தில் முழுமையாகச் செயலிழக்கச் செய்யப்படாத சார்ஸ் கிருமியால் தொற்று தொடங்கி, ஒன்பது பேரைப் பிடித்தது. உயிரிழந்தவர் ஒருவர். அவர் ஆய்வாளர் அல்லர். நோயுற்ற ஆய்வக மாணவியைப் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்ட அவரின் தாயார்.

தூவானம் எங்கிருந்து வருகிறது?

தமிழ் படித்துவிட்டுச் செய்தித்துறைக்கு வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிய கலைச்சொல் எதிர்ப்பட்டால், அதற்கு ஈடாக நம்மிடம் என்ன சொல் இருக்கிறது என்று தேடுவோம். ஆங்கிலத்தில் ‘ஏரோசால்’ எனப்படுவதைத் தமிழில் நுண்துளிப் படலம், காற்றில் மிதக்கும் நுண்துகள் என்றெல்லாம் எழுதுகிறோம். எனக்குத் தூவானம் என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. மழை நின்ற பிறகும் காற்றில் அலைந்து, சன்னல் வழியே உள்ளே வந்து முகத்தில் படுவது தூவானம். ஆய்வகத்திலும் அப்படித்தான். கருவி நின்றுவிடும், அது கிளப்பிய துளி நிற்காது.

இதன் கணக்கு எளிது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள துளி, மேசை உயரத்திலிருந்து சில விநாடிகளில் தரையில் விழுந்துவிடும். அதைவிட 20 மடங்கு சிறியதான ஐந்து மைக்ரோமீட்டர் துளி, காற்று அசையாத அறையில் ஒரு மீட்டர் இறங்கவே 20 நிமிடத்துக்கு மேலாகும். ஒரு மைக்ரோமீட்டர் துகள் என்றால் பல மணி நேரம் மிதக்கும். மூக்கும் தொண்டையும் வடிகட்டும் அளவைத் தாண்டி நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று தங்குபவை இந்தச் சிறிய துகள்களே. காசநோய்க் கிருமியைப் பொறுத்தவரை, பத்துக்கும் குறைவான கிருமிகள் உள்ளே போனாலே தொற்று உண்டாகலாம்.

இவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. மணம் கிடையாது. கையில் ஊசி குத்தினால் வலிக்கும், ரத்தம் வரும், மேலதிகாரியிடம் சொல்வோம். தூவானம் பட்டால் ஒன்றும் தெரியாது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பைக், ஆய்வகங்களில் தொற்றிய 3,921 நோய்ச் சம்பவங்களைத் தொகுத்து 1976ஆம் ஆண்டு வெளியிட்டார். அவற்றில் விபத்து இன்னதென்று தெரிந்தவை 20 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவற்றுக்கு எந்த விபத்தும் பதிவாகவில்லை. காற்றில் மிதந்த நுண்துளிகளே அவற்றில் பலவற்றுக்குக் காரணமாக இருக்கலாம் என்று பின்னர் வல்லுநர்கள் கருதினார்கள்.

சாதாரணக் கருவிகள், சாதாரண நேரங்கள்

ஆய்வக ஆபத்து என்றதும் திரைப்படங்களில் வரும் விண்வெளி உடையும் சிவப்பு விளக்கும் நினைவுக்கு வரும். உண்மையில் கவனிக்க வேண்டியவை, எந்தச் சிறிய ஆய்வகத்திலும் இருக்கும் பொருள்கள்தாம்.

முதலாவது, மையவிலக்குக் கருவி. ரத்தத்தைப் பிரிக்க எல்லா மருத்துவமனைகளிலும் சுழல்வது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழலும்போது, உள்ளே ஒரு குழாயில் விரிசல் இருந்தாலோ விளிம்புவரை திரவம் நிரம்பியிருந்தாலோ, சிந்துவது துளியாகச் சிந்தாது, புகைபோலத் தூளாகும். அதனால்தான் குழாய்களை முன்கூட்டியே சோதித்து, அளவோடு நிரப்பி, எடையைச் சமன்செய்து, ரப்பர் வளையம் பொருத்திய மூடியுள்ள கிண்ணங்களில் வைத்துச் சுழற்றச் சொல்கிறார்கள். அந்தக் கிண்ணத்தைத் திறப்பதும் திறந்த மேசையில் அல்ல, பாதுகாப்புப் பெட்டகத்துக்குள்.

சுழலும்போது குழாய் உடைந்த சத்தம் கேட்டால்? கருவியை நிறுத்த வேண்டும். மூடியைத் திறக்காமல் 30 நிமிடம் விட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வகப் பாதுகாப்புக் கையேடு. மூடியைத் திறந்த பிறகுதான் உடைந்தது தெரிகிறது என்றால், உடனே மீண்டும் மூடிவிட்டு அதே 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். மனித இயல்பு இதற்கு நேர்மாறானது. என்ன உடைந்தது என்று எட்டிப் பார்ப்பதுதான் நாம் முதலில் செய்வது. அந்த ஒரு பார்வைதான் ஆபத்து.

இரண்டாவது, பிப்பெட். திரவத்தை அளந்து மாற்றும் இந்தச் சிறு குழலின் நுனியில் கடைசிச் சொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வேகமாக ஊதித் தள்ளினால் குமிழி வெடித்து நுண்துளிகள் கிளம்பும். அந்தச் சொட்டைப் பாத்திரத்தின் சுவரோரம் மெதுவாக வழியவிட வேண்டும்.

மூன்றாவது, குலுக்கிக் கலக்கும் கருவியும் அரைக்கும் கருவியும். குழாயின் மூடி சரியாக இறுகாமல் குலுக்கினால் மூடியோரம் தூவானம் கசியும். அரைத்து முடித்த உடனே திறந்தால், உள்ளே அழுத்தத்துடன் சுற்றிக்கொண்டிருப்பது முகத்துக்கு நேரே வரும். ஒலி அலைகளால் செல்களை உடைக்கும் கருவிக்கும் இது பொருந்தும்.

நான்காவது, கிருமியைத் தொட்டெடுக்கும் கம்பி வளையம். அதை நேரடியாகத் தீச்சுடரில் காட்டும்போது, எரிவதற்கு முன்னரே கொஞ்சம் தெறிக்கும். ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் வளையங்கள் இதைத் தவிர்க்கின்றன.

ஐந்தாவது, உறைய வைத்து உலர்த்திய கிருமி அடங்கிய கண்ணாடிக் குப்பி. உள்ளே வெற்றிடம். கழுத்தை உடைத்ததும் காற்று உள்ளே பாய்ந்து, உலர்ந்த தூளைக் கிளப்பிவிடும். திறக்க வேண்டிய இடம், பெட்டகம்.

இவற்றில் எதிலும் கருவி பழுதாக வேண்டிய அவசியம் இல்லை என்பதைக் கவனியுங்கள். நன்றாக வேலை செய்யும் கருவியே, அவசரமாகக் கையாளும்போது கிருமியைக் காற்றில் விடுகிறது.

பெட்டகம் இருந்தால் போதுமா?

உயிரியல் பாதுகாப்புப் பெட்டகம் என்பது முன்பக்கம் கொஞ்சம் திறந்திருக்கும் கண்ணாடி அறை. அதன் முகப்பில் காற்று எப்போதும் உள்நோக்கி இழுக்கப்படும். வெளியேறும் காற்று ஹெப்பா வடிகட்டி வழியே செல்லும். வடிகட்டுவதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரோமீட்டர் துகள்களிலும் 99.97 விழுக்காட்டை அந்த வடிகட்டி தடுத்துவிடும்.

ஆனால், அந்த முகப்பில் காற்று நகரும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய அரை மீட்டர்தான். சாதாரணமாக நடந்துபோகும் ஒருவர் அதைவிட வேகமாகப் போகிறார். ஆகவே பின்னால் ஒருவர் விரைந்து கடந்தாலோ, அறைக்கதவு சட்டென்று திறந்தாலோ, குளிரூட்டியின் காற்று நேரே அடித்தாலோ அந்தத் திரை குலையும். உள்ளே வேலை செய்பவர் கையை வெடுக்கென்று இழுத்தாலும் அதுவே நடக்கும். முன்பக்கத்துக் காற்றுத் துளைகளின்மேல் குறிப்பேட்டை வைத்தால் பாதுகாப்பு பாதியில் நிற்கும்.

வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம், முடிந்த பின் ஐந்து நிமிடம் அதை ஓடவிடுவதும், ஆண்டுதோறும் தகுதிபெற்றவர் சோதித்துச் சான்றளிப்பதும் அதனால்தான். பல ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கும் பெட்டகத்தைப் பயனற்றதாக்க, ஒரு குறிப்பேடும் ஓர் அவசரமும் போதும்.

பினாங்கில் ஆட்டுப்பால் சொன்ன பாடம்

உயர்பாதுகாப்பு ஆய்வகங்களில் கிருமி இருப்பது எல்லாருக்கும் தெரியும். என் கவலை, குழாயில் என்ன இருக்கிறது என்றே தெரியாத மருத்துவமனை ஆய்வகங்களைப் பற்றியது.

பினாங்கில் ஓர் ஆட்டுப் பண்ணையின் காய்ச்சாத பாலைக் குடித்தவர்களிடையே புருசெல்லோசிஸ் நோய் பரவியது. ஓராண்டுக் காலத்தில் 79 பேருக்கு அந்நோய் உறுதியானது என்று 2015ல் வெளியான மருத்துவ ஆய்வுக்கட்டுரை தெரிவித்தது. அறிகுறி தொடங்கி நோய் கண்டறியப்படுவதற்குச் சராசரியாக 53 நாள்கள் ஆயின. அதே கட்டுரையில் இன்னொரு தகவலும் இருந்தது. ஆய்வகப் பணியாளர்கள் நால்வரும் அந்நோய்க்கு ஆளானார்கள். அவர்கள் பால் குடித்ததால் அல்ல. நோயாளிகளின் ரத்த மாதிரிகளைக் கையாண்டதால் தொற்றியிருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

அந்த வட்டாரத்தில் வழக்கமாகக் காணப்படாத நோய் அது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் இதேபோன்றது. சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி அனுப்பப்படும் ரத்தத்தில் அது இருக்கலாம். வளர்த்துப் பார்த்த பிறகுதான் அதன் பெயர் தெரியும். பெயர் தெரிவதற்குள் அந்தத் தட்டை எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள்?

‘ஆபத்தான கிருமி என்று தெரிந்தால் கவனமாக இருப்போம்’ என்ற அணுகுமுறை இங்கே உதவாது. தெரியாத எல்லாக் குழாய்களையும் தெரிந்த ஆபத்தாகவே நடத்த வேண்டியிருக்கிறது.

சுவருக்கு வெளியே

தூவானம் ஆய்வகச் சுவரோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது. சீனாவின் லான்சோ நகரில் 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24ஆம் தேதியிலிருந்து ஆகஸ்ட் 20ஆம் தேதிவரை, விலங்குகளுக்கான புருசெல்லோசிஸ் தடுப்பூசி தயாரித்த தொழிற்சாலை ஒன்று காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியது. வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து வெளியேறிய காற்று முழுமையாகச் சுத்திகரிக்கப்படவில்லை. கிருமி காற்றோடு கலந்து அக்கம்பக்கத்துக்குச் சென்றது. சோதனையில் 10,000க்கும் அதிகமானோருக்குத் தொற்று உறுதியானது.

புயலோ வெடிப்போ அங்கு நிகழவில்லை. ஒரு புட்டியில் அச்சிட்டிருந்த தேதியை எவரும் பார்க்கவில்லை. பார்த்தவர் எவரும் சொல்லவில்லை.

சட்டம் எதுவரை வரும்?

2003ஆம் ஆண்டுச் சம்பவத்தை சிங்கப்பூர் மூடி மறைக்கவில்லை. மறுஆய்வுக் குழுவின் முடிவுகள் வெளியிடப்பட்டன. 2005ல் உயிரியல் கிருமிகள், நச்சுப்பொருள்கள் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2006 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. ஆபத்தான கிருமிகளை வைத்திருக்க அனுமதி, பாதுகாப்புக் குழு, பொறுப்பாளர், பயிற்சி, உயர்பாதுகாப்பு ஆய்வகங்களுக்குச் சான்றிதழ் எனப் பல தேவைகள் அதில் உண்டு.

மலேசியாவில் நிலைமை சற்று வேறு. அங்குள்ள 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம், பெயரைப் பார்த்து நாம் நினைப்பதுபோல் எல்லாக் கிருமிகளையும் பற்றியது அன்று. அதன் மையம் மரபணு மாற்றப்பட்ட உயிரினங்கள். ஆய்வகப் பணியாளரின் அன்றாடப் பாதுகாப்பு, 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிமீது சுமத்தும் பொதுப் பொறுப்பையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் தன் கையேட்டின் நான்காம் பதிப்பை 2020ல் வெளியிட்டபோது, அணுகுமுறையை மாற்றிக்கொண்டது. ‘இந்தக் கிருமிக்கு இந்த நிலை ஆய்வகம்’ என்று கட்டடத்தை முதன்மைப்படுத்துவதைவிட, செய்யப்போகும் வேலையில் என்ன ஆபத்து என்பதை ஒவ்வொரு முறையும் எடைபோட வேண்டும் என்றது. ஒரே கிருமியாக இருந்தாலும் மூடிய குழாயில் வைத்திருப்பது வேறு, மையவிலக்குக் கருவியில் சுழற்றுவது வேறு. 2024ல் உலகச் சுகாதாரப் பேரவையும் ஆய்வகங்களின் உயிரியல் அபாய மேலாண்மையை வலுப்படுத்தத் தீர்மானம் நிறைவேற்றியது.

இவை நல்ல மாற்றங்கள். ஆனால், சட்டமும் தீர்மானமும் வடிகட்டியை மாற்றச் சொல்லலாம். பதிவேட்டை வைக்கச் சொல்லலாம். இரவு 2 மணிக்கு, அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து முடிவு கேட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கும்போது, 30 நிமிடம் மூடியைத் திறக்காமல் நிற்கும் துணிவை அவை கொடுத்துவிட முடியாது. அதைக் கொடுக்க வேண்டியவர் மேலாளர். முடிவு தாமதமானதற்குக் கடிந்துகொள்ளும் மேலாளரிடம் எந்தப் பணியாளரும் காத்திருக்க மாட்டார். நடந்ததைச் சொல்லவும் மாட்டார். தைப்பே ஆய்வாளர் காய்ச்சலோடு வீட்டில் இருந்ததை நினைத்துப் பாருங்கள். விதிகளை நன்கு அறிந்தவர் அவர். அவரைத் தடுத்தது அறியாமை அன்று, அச்சம்.

நம் வீடுகளில் கேட்க வேண்டியவை

உங்கள் மகளோ மகனோ ஆய்வகத்தில் படிக்கிறார், பயிற்சி பெறுகிறார் அல்லது வேலை செய்கிறார் என்றால், இன்றிரவு சாப்பாட்டு மேசையில் நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். மையவிலக்குக் கருவியின் கிண்ணத்துக்கு மூடி இருக்கிறதா? பெட்டகத்தை எப்போது கடைசியாகச் சோதித்தார்கள், அந்தச் சான்று அதில் ஒட்டியிருக்கிறதா? ஏதாவது சிந்தினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியுமா? சொன்னால் திட்டு விழுமா?

நான்காவது கேள்விக்குப் பிள்ளை சற்றுத் தயங்கினால், அதுதான் முதலில் சரிசெய்ய வேண்டியது.

இன்னும் ஒன்று. காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போகும்போது, ஆய்வகத்தில் வேலை செய்வதைத் தாமாகவே சொல்லும்படி அவர்களிடம் கூறுங்கள். எந்தக் கிருமியோடு வேலை, பக்கத்து மேசையில் எந்தக் கிருமி என்பதையும் சேர்த்தே சொல்லட்டும். 2003ல் அந்த மாணவருக்கு வந்த நோய், அவருடைய மேசையின் கிருமியால் வந்ததன்று.

ஆய்வகங்களைத் துடைப்பவர்கள், குளிரூட்டியைப் பழுதுபார்ப்பவர்கள், வடிகட்டி மாற்ற வருபவர்கள் ஆகியோரையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் கிருமியின் பெயர் தெரியவேண்டியதில்லை. எந்தக் கதவை எப்போது திறக்கக் கூடாது என்பது அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

மழை நின்றதும் குடையை மடக்கிக்கொண்டு நடப்பது நம் வழக்கம். ஆய்வகத்தில் இருப்பவர்கள் இன்னும் 30 நிமிடம் நின்றுவிட்டுப் புறப்படட்டும். அந்த 30 நிமிடத்துக்காக அவர்களை எவரும் கடிந்துகொள்ள வேண்டாம்.